பேரு தெரியும், பொருள் தெரியுமா?

நம்ம ஊரில் வைத்தியம் பேசத் தெரியாத ஆளே கிடையாது. சந்தேகம் இருந்தால் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து "லேசா தலை சுத்துதுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். "பிரஷரா இருக்கும்ணே" என்பார் ஒருத்தர். "சுகர் பாத்தீங்களா?" என்பார் இன்னொருத்தர். "பித்தம்யா, எலுமிச்சம்பழத்தப் புழிஞ்சு குடி" என்பார் மூணாவது ஆள். டீ ஆறுவதற்குள் "எதுக்கும் தைராய்டு பாத்துருங்க" என்று கடைக்காரரும் தன் பங்குக்குச் சொல்லிவிடுவார்.

அவரைப் பிடித்து "தைராய்டுன்னா என்னண்ணே?" என்று கேளுங்கள். "தைராய்டுன்னா தைராய்டுதான். என் மச்சினிக்கு இருக்கே!" என்று பதில் வரும். மச்சினிக்கு மட்டும் இல்லண்ணே, உங்களுக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு. தைராய்டு என்பது கழுத்தின் முன்பக்கம் எல்லாருக்கும் இருக்கிற ஒரு சுரப்பி. அது கம்மியாகச் சுரந்தால் ஒரு நோய். அதிகமாகச் சுரந்தால் வேறொரு நோய். ஒன்றுக்குக் கொடுக்கிற மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் வம்பு. "எனக்குத் தைராய்டு இருக்கு" என்பதும் "எனக்கு மூக்கு இருக்கு" என்பதும் ஒண்ணுதான் :-)

சிரித்தாச்சா? இனி கொஞ்சம் சீரியஸாகப் பேசுவோம். எனக்கு ரொம்ப நாளாக ஒரு ஆதங்கம். நோய்களின் பேர் நமக்கு ஏராளமாகத் தெரிகிறது. அந்தப் பேருக்கு என்ன பொருள் என்று யாரும் நமக்குச் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. தமிழில் கலைச்சொல் சண்டை மட்டும் குறைவில்லாமல் நடக்கிறது. "ஹார்ட் அட்டாக்னு சொல்லாதே, மாரடைப்புன்னு சொல்லு" என்று ஒரு கோஷ்டி. "அதெல்லாம் யாருக்குய்யா புரியும், இங்கிலீஷ்லயே சொல்லு" என்று இன்னொரு கோஷ்டி. இரண்டு பேரும் டப்பாவின் மேலே ஒட்டுகிற லேபிளுக்குத்தான் அடித்துக்கொள்கிறார்கள். டப்பாவைத் திறந்து உள்ளே என்ன இருக்கு என்று காட்ட ஆளைக் காணோம். எனக்கு எந்தப் பேராக இருந்தாலும் சம்மதம். பேரோடு கூடவே ஒரு வரி விளக்கம் வேணும். அது இல்லாததால் உயிரே போகிறது என்பதுதான் என் கட்சி. ஒவ்வொண்ணாப் பார்ப்போம்.

மாரடைப்பு, 'கேஸ்', ஸ்ட்ரோக்

மாரடைப்பு என்றால் என்ன? இதயம் ஒரு தசை. அந்தத் தசைக்கே ரத்தம் கொண்டுபோகிற குழாய்கள் தனியாக இருக்கின்றன. அதில் ஒன்று அடைத்துக்கொள்ள, அதை நம்பியிருந்த தசை சாக ஆரம்பிப்பதுதான் மாரடைப்பு. கவனியுங்கள், இதயம் அப்போதும் துடித்துக்கொண்டுதான் இருக்கும். ஆள் பெரும்பாலும் நினைவோடு இருப்பார். பேசுவார், வேர்த்துக் கொட்டும், "என்னமோ பண்ணுது" என்பார்.

கார்டியாக் அரெஸ்ட் என்பது வேறு. இதயத்தின் மின்சார ஓட்டம் தாறுமாறாகி, ரத்தத்தை வெளியே தள்ளும் வேலையே நின்றுபோவது. ஆள் சில வினாடிகளில் சரிந்து விழுவார். கூப்பிட்டால் பதில் இருக்காது. மூச்சு இருக்காது, இல்லாவிட்டால் விட்டு விட்டுத் திணறும். முதலாவது இரண்டாவதைக் கொண்டுவந்து விடலாம். ஆனால் இரண்டும் ஒன்றில்லை.

சினிமாவில் மகள் ஓடிப்போன செய்தி கேட்ட அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பொத்தென்று விழுவாரே, நம் எல்லாருக்கும் மாரடைப்பின் விளக்கம் அதுதான். பத்திரிகையும் திடீரென்று இறந்தவர் எல்லாரையும் "மாரடைப்பால் காலமானார்" என்றுதான் எழுதுகிறது. வித்தியாசம் தெரிந்தால் என்ன லாபம் என்கிறீர்களா? முதலாவது என்றால் உடனே 108ஐக் கூப்பிட்டு, ஈசிஜி எடுக்கிற ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இரண்டாவது என்றால் 108ஐக் கூப்பிட்டுவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா நிற்கக்கூடாது. நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். மூளைக்கு ரத்தம் போகாவிட்டால் சில நிமிஷங்களிலேயே கதை முடிய ஆரம்பித்துவிடும். ஆளைச் சுற்றிக் கூட்டமாக நின்று "தண்ணி தெளிங்கப்பா, காத்து விடுங்கப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தால் போச்சு.

அடுத்து நம் மக்களின் செல்லப் பிள்ளை, 'கேஸ்'. வாய்வு என்றும் சொல்லலாம். இது வயிற்றிலிருந்து கிளம்பி முதுகுக்குப் போகும், தோளுக்குப் போகும், இடுப்பில் பிடித்துக்கொள்ளும், தலைக்கும் ஏறும் என்பது நம் நம்பிக்கை. உண்மையில் வயிற்றுக்காற்று இரைப்பையிலும் குடலிலும்தான் இருக்கும், தோள்பட்டைக்குப் போக அதற்கு வழி கிடையாது. ஆனால் மாரடைப்பு வலிக்குத் தாடை, தோள், இடது கை, மேல்வயிறு என்று எல்லா இடத்துக்கும் வழி இருக்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் வருவதும் உண்டு.

எங்கள் தெருவில் ஒரு எலக்ட்ரீஷியன் அண்ணன். ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு மேல்வயிற்றில் அழுத்தம், வேர்வை. "கேஸ்தான், பரோட்டா சாப்பிட்டேன்ல" என்று அவரே தீர்ப்பு எழுதிவிட்டார். ஓமத்தண்ணி, சோடா, இஞ்சிச் சாறு எல்லாம் வரிசையாக உள்ளே போனது. விடியற்காலை அஞ்சு மணிக்கு முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். உயிர் பிழைத்துவிட்டார். ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி போனது போனதுதான். ஏணியில் ஏறி வேலை பார்த்தவர் இன்று மாடிப்படி ஏறவே நடுவில் உட்கார்ந்து எழுந்திருக்கிறார். ஏழு மணி நேரத்தைத் தின்றது ஒரே ஒரு வார்த்தை. 'கேஸ்' என்ற பேர் தெரிந்ததால்தான் அவர்கள் நிம்மதியாக வீட்டில் இருந்தார்கள். பேரே தெரியாமல் இருந்திருந்தால் பயந்துபோய் உடனே கிளம்பியிருப்பார்கள்!

ஸ்ட்ரோக்கையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். "அவருக்கு ஹார்ட்ல ஸ்ட்ரோக்" என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். ஸ்ட்ரோக் மூளையில் நடப்பது. மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது, அல்லது வெடித்து ரத்தம் கசிவது. தமிழில் பக்கவாதம். நல்ல பழைய சொல்தான், ஆனால் அது விளைவை மட்டும் சொல்கிறது, ஒரு பக்கம் விழுந்துபோவதை. மூளையைப் பற்றி ஒரு வார்த்தை அதில் இல்லை. அதனால் கை கால் விழுந்தால்தான் பக்கவாதம் என்று நினைக்கிறோம். திடீரென்று வாய் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு கையைத் தூக்க முடியாமல் போவது, பார்வை மங்குவது எல்லாமே அதுதான். அடைப்பினால் வந்த ஸ்ட்ரோக் என்று ஸ்கேனில் உறுதியானால் கட்டியைக் கரைக்க ஊசி இருக்கிறது. அதைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். 'வாதம்' என்று காதில் விழுந்ததும் நம் ஆட்கள் எண்ணெய் தேய்க்கவும் புறா ரத்தம் தடவவும் கிளம்பினால், அந்த நாலரை மணி நேரம் அங்கேயே தீர்ந்துவிடும்.

மஞ்சள் காமாலை: நோயா, அறிகுறியா?

ரத்தத்தில் இருக்கிற சிவப்பணுக்கள் வயசாகி உடையும்போது பிலிருபின் என்று ஒரு மஞ்சள் சரக்கு உண்டாகிறது. கல்லீரல் அதைப் பிடித்துப் பித்தத்தோடு கலந்து குடலுக்கு அனுப்பிவிடும். இந்த வேலையில் எங்கேயாவது தடங்கல் வந்தால் பிலிருபின் ரத்தத்தில் தங்கி, கண்ணும் தோலும் மஞ்சளாகும். இதுதான் மஞ்சள் காமாலை. இது ஒரு நோயே கிடையாது. வண்டியில் எரிகிற சிவப்பு விளக்கு மாதிரி.

எங்கே தடங்கல் என்பதுதான் கேள்வி. சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உடைகிறதா? கல்லீரலை ஹெபடைடிஸ் வைரஸ் தாக்கியிருக்கிறதா, சாராயம் கெடுத்திருக்கிறதா? பித்தக்குழாயில் கல் அடைத்திருக்கிறதா? கணையத்தின் தலைப்பகுதியில் புற்றுநோய் வந்து குழாயை அழுத்துகிறதா? வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே மஞ்சள்தான்.

"எங்க சித்தப்பாவுக்குக் கீழாநெல்லியில சரியாச்சே!" என்று கேட்பீர்கள். ஆகியிருக்கும். தண்ணீரால் பரவுகிற ஹெபடைடிஸ் ஏ, ஈ இரண்டும் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். அந்தச் சமயத்தில் கீழாநெல்லி குடித்தவருக்கும் சரியாகும், வேப்பிலை அடித்து மந்திரித்தவருக்கும் சரியாகும். (கர்ப்பிணிகளுக்கு ஹெபடைடிஸ் ஈ ரொம்ப ஆபத்தானது, அவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.) கீழாநெல்லியை நான் கேலி செய்யவில்லை. சென்னை ஆய்வாளர்கள் ஹெபடைடிஸ் பி வைரஸைச் சுமப்பவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து, நல்ல பலன் என்று 1988ல் லான்செட் இதழில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு மற்ற இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் வரவில்லை. ஆராய்ச்சி என்றால் அப்படித்தான் இருக்கும். ஆனால் பித்தக்குழாயில் கல்லோடு இருப்பவருக்கு எந்த மூலிகையும் குழாயைத் திறந்துவிடப் போவதில்லை. "காமாலைன்னா காமாலைதான், அதுக்கு மருந்து இதுதான்" என்று நினைக்கிற ஆள், இரண்டு மாசம் பத்தியம் இருந்துவிட்டு, புற்றுநோய் முற்றிய பிறகு வந்து சேர்வார். அவரைக் கெடுத்தது மூலிகை இல்லை, அறிகுறியை நோய் என்று நினைக்கவைத்த அந்தப் பேர்.

காய்ச்சலும் இதே கதை. பத்திரிகைக்காரர்களுக்குப் பிடித்த ஒரு பேர் உண்டு, 'மர்மக் காய்ச்சல்'. 2006ல் சிக்குன்குனியா தமிழ்நாட்டைப் போட்டுப் புரட்டியபோது ஊர் ஊராக மூட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், பேர் என்னமோ மர்மக் காய்ச்சல். சிக்குன்குனியா சென்னைக்குப் புதுசும் இல்லை. 1964லேயே ஒரு சுற்று வந்து போனதுதான். அந்தப் பேர் ஆப்பிரிக்காவில் தான்சானியா பக்கத்து மகோண்டே மொழிச்சொல், வலியில் வளைந்து குனிந்து போவதைக் குறிப்பது. பேரைக் கேட்டுப் பயப்படுவதற்குப் பதில் "கொசுவால் பரவுகிற வைரஸ் காய்ச்சல், மூட்டு வலி மாசக்கணக்கில் இருக்கலாம்" என்று ஒரு வரி சொன்னால் ஜனங்கள் கொசுவையாவது கவனிப்பார்கள். மர்மம் என்று சொன்னால் என்ன செய்வார்கள்? கோயிலுக்குப் போவார்கள்.

கட்டி, ரத்தம் கம்மி

தமிழில் 'கட்டி' ஒரு அட்சய பாத்திரம். சீழ் வைத்தாலும் கட்டி, கொழுப்பு திரண்டாலும் கட்டி, நீர் கோத்தாலும் கட்டி, நெறி கட்டினாலும் கட்டி, புற்றுநோயும் கட்டி. டாக்டர் "சின்னக் கட்டிதாம்மா" என்று ஆறுதலாகச் சொல்வார். அந்த அம்மா வீட்டுக்கு வந்து மூணு நாள் சாப்பிடாமல் அழுவார். இது ஒரு பக்கம். மார்பில் வலிக்காத கட்டி வந்தால் "வலிக்கலையே, கொழுப்புக் கட்டியா இருக்கும்" என்று ஆறு மாசம் தள்ளிப்போடுவது இன்னொரு பக்கம். மார்புப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலிக்காததுதான் சந்தேகப்பட வேண்டியது.

இப்போது கல்லூரிப் பெண்கள் வாயில் அடிபடுகிற 'பிசிஓடி' இருக்கிறதே, அதைத் தமிழில் 'கர்ப்பப்பை நீர்க்கட்டி' என்கிறார்கள். இரண்டு தப்பு. அது கர்ப்பப்பையில் இல்லை, சினைப்பையில். ஸ்கேனில் தெரிவது உண்மையான கட்டியும் இல்லை, முழுசாக வளராமல் நின்றுபோன சின்னச் சின்ன முட்டைப் பைகள். அறுத்து எடுக்கிற சமாச்சாரமே இல்லாத, ஹார்மோனும் இன்சுலினும் சம்பந்தப்பட்ட பிரச்சினை. ஆங்கிலப் பேரே குழப்புகிறது, மாற்றுங்கள் என்று அமெரிக்க தேசியச் சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு 2012ல் சொன்னது. இங்கே பெண் பார்க்க வருகிறவர்கள் காதில் 'கர்ப்பப்பையில் கட்டி' என்று விழுந்தால் கல்யாணமே நின்றுபோகிறது. ஒரு தப்பான பேர் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள்.

'ரத்தம் கம்மி'யும் அப்படித்தான். ரத்தத்தின் அளவு குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, சிவப்பாக இருக்கிற பீட்ரூட்டையும் மாதுளையையும் சாப்பிடுகிறோம். குறைவது ஹீமோகுளோபின், ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கிற சரக்கு. பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை, கர்ப்பிணிகளுக்கு 11. தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21ல் இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேர் இதில் வருகிறார்கள். பாதிக்கு மேல்! ஏன் குறைந்தது என்று கேட்டால்தான் மாசாமாசம் அதிகமாகப் போகும் ரத்தமோ, குடலில் இருக்கிற கொக்கிப்புழுவோ, இரும்புச்சத்துக் குறைவோ தெரியவரும். பீட்ரூட்டின் நிறத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

பரம்பரையா, பிறவியா, மரபணுவா?

எனக்கு ரொம்பக் கோபம் வருகிற இடம் இதுதான்.

மூணும் வேறு வேறு. பிறவிக் குறை என்றால் பிறக்கும்போதே இருப்பது, அவ்வளவுதான். காரணம் என்ன வேண்டுமானாலும் இருக்கலாம். கர்ப்பத்தின் ஆரம்ப மாசங்களில் அம்மாவுக்கு ரூபெல்லா அம்மை வந்தால் குழந்தை இதயக் கோளாறோடும் காது கேளாமலும் பிறக்கலாம். அது பிறவிக் குறை, ஆனால் பரம்பரை இல்லை. தடுப்பூசியால் தடுத்திருக்கக்கூடிய ஒன்று. மரபணுக் கோளாறு என்றால் மரபணுவிலோ குரோமோசோமிலோ மாற்றம் இருப்பது. டவுன் சிண்ட்ரோம் அப்படி, 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருக்கும். ஆனால் பெரும்பாலும் அது அப்பா அம்மாவிடமிருந்து வழிவழியாக வருவதில்லை, கரு உருவாகிற நேரத்தில் தற்செயலாக நடப்பது. பரம்பரை நோய் என்றால் பெற்றோரிடமிருந்து இறங்கி வருவது. அது பிறக்கும்போதே தெரிய வேண்டும் என்றும் இல்லை. ஹன்டிங்டன் நோய் பரம்பரைதான், ஆனால் பெரும்பாலும் முப்பது நாற்பது வயசுக்கு மேல்தான் தலைகாட்டும்.

இந்த மூன்றையும் நம் வீடுகளில் ஒன்றாக்கி என்ன சொல்கிறோம்? "அவ வயித்துல பொறந்தது அப்படி இருக்கு." எல்லாப் பழியும் மருமகள் தலையில். பெண் குழந்தை பிறந்தாலும் அவள்மேல்தான் பழி. பிள்ளை ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்கிற எக்ஸ், ஒய் குரோமோசோம் அப்பாவின் விந்தணுவிலிருந்துதான் வருகிறது என்று பத்தாம் வகுப்புப் பாடத்தில் படித்து மார்க் வாங்கியவர்கள்தான் இதைச் சொல்கிறார்கள்.

இன்னொரு பக்கம், "எங்க ரெண்டு குடும்பத்துலயும் யாருக்கும் இல்லியே டாக்டர், எப்படிப் பரம்பரைன்னு சொல்றீங்க?" என்ற கேள்வி. இது நியாயமான கேள்வி, பதில் சொல்ல வேண்டிய கேள்வி. சில நோய்களுக்கு, பழுதான மரபணு ஒன்று இருந்தால் ஒன்றும் ஆகாது. ஆள் கடைசிவரை திடகாத்திரமாக இருப்பார். அதே பழுது கணவன் மனைவி இரண்டு பேரிடமும் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பில் இரண்டு பழுதும் சேர்ந்து நோய் வரும். இரண்டு பேரும் ஒரே தாத்தா பாட்டி வழி வந்தவர்கள் என்றால், ஒரே பழுது இருவரிடமும் இருக்க வாய்ப்பு கூடும். அத்தை மகன், மாமன் மகள் என்றால் சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணு பொது. தாய்மாமன், அக்கா மகள் என்றால் நாலில் ஒரு பங்கு. முறை மாறாமல் கட்டிக்கொடுக்கிறோம் என்று நாம் பெருமைப்படுகிற கல்யாணம் அது. சொந்தத்தில் கட்டினால் எல்லாப் பிள்ளைக்கும் நோய் வரும் என்று இல்லை, பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகத்தான் பிறக்கின்றன. ஆனால் "யாருக்கும் இல்லியே" என்பது பதில் ஆகாது. இந்த விளக்கத்தைக் கல்யாணத்துக்கு முன்னாடி சொல்லாமல், முதல் குழந்தையைப் பறிகொடுத்துவிட்டு இரண்டாவது குழந்தையோடு வரும்போது சொல்கிறோம்.

மொழியும் கொஞ்சம் காலை வாருகிறது. 'மரபணு மாற்றம்' என்று கிருமி தானாக மாறுவதையும் சொல்கிறோம், விஞ்ஞானி பருத்தியில் வேண்டுமென்றே மாற்றுவதையும் சொல்கிறோம். கொரோனா சமயத்தில் "மரபணு மாற்றம் அடைந்த வைரஸ்" என்று டிவியில் சொன்னதும், "பாத்தியா, லேப்ல யாரோ மாத்திட்டான்" என்று வாட்ஸப்பில் கதை கிளம்பியது. தானாக நடப்பதைத் 'திரிபு' என்று சொல்ல ஏற்கெனவே சொல் இருக்கிறது. புழங்கினால் போதும்.

'நார்மல்' என்றொரு மாயம்

சர்க்கரை நோய் என்றால் என்ன என்பதற்குச் சுருக்கமான பதில்: வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 126 மி.கி. அல்லது அதற்கு மேல். (ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்து உறுதி செய்ய வேண்டும்.) இந்த 126 வானத்திலிருந்து விழுந்ததில்லை. 1997 வரை கோடு 140ல் இருந்தது. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் அந்த வருஷம் அதை 126க்கு இறக்கியது. அன்றைக்கு 130 வைத்திருந்தவர் சாயங்காலம் வரை ஆரோக்கியம், மறுநாள் காலை நோயாளி :-) ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம். எந்த அளவுக்கு மேலே போனால் கண்ணின் விழித்திரை கெட ஆரம்பிக்கிறது என்று பார்த்துத்தான் கோடு போட்டார்கள். கோடு மனிதன் போட்டது, கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற சேதம் நிஜம். இதைத் தெரிந்துகொண்டால் "எனக்கு ஸ்டார்ட்டிங் ஸ்டேஜ்தான், 125" என்ற நிம்மதியும் போகும், "127 ஆச்சே, செத்தேன்" என்ற பயமும் போகும்.

இதைவிட ஆபத்து 'நார்மல்'. "ரிப்போர்ட் நார்மல்னு வந்துடுச்சு மாப்ள, அதான் மாத்திரைய நிறுத்திட்டேன்." பிரஷருக்கும் இதே வசனம்தான். மாத்திரை சாப்பிடுவதால்தான் நார்மல் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்றால் 'குணமாகிவிட்டது' என்று பொருளில்லை, 'இப்போதைக்குக் கோட்டுக்கு இந்தப் பக்கம்' என்றுதான் பொருள். குடை பிடித்திருப்பதால் நனையவில்லை, உடனே மழை நின்றுவிட்டது என்று குடையை மடக்கினால்?

மூளைச்சாவு

கடைசியாக, எல்லாவற்றையும் விடக் கனமான வார்த்தை. "மூளைச்சாவு அடைந்த இளைஞர் உயிருக்குப் போராடி வந்தார். சிகிச்சை பலனின்றி உயிரிழந்தார்" என்று செய்தி படித்திருப்பீர்கள். ஒருவரை இரண்டு தடவை சாகடிக்கிற வாக்கியம் இது. மூளைச்சாவு அடைந்தவர் போராடிக்கொண்டிருக்கவில்லை, இறந்துவிட்டார்.

கோமா வேறு, இது வேறு. கோமாவில் இருப்பவருக்கு நினைவு இல்லை, ஆனால் மூளை உயிரோடு இருக்கிறது. மீண்டு வரலாம், வராமலும் போகலாம். மூளைச்சாவில் மூச்சையும் மற்ற அடிப்படை வேலைகளையும் நடத்துகிற மூளைத்தண்டே நிரந்தரமாக நின்றுவிட்டது. திரும்பி வந்தவர் கிடையாது. "நெஞ்சு துடிக்குதே?" துடிக்கும். இதயத்துக்குத் துடிக்க மூளையின் உத்தரவு வேண்டியதில்லை, அதற்குள்ளேயே மின்சாரம் இருக்கிறது. வென்டிலேட்டர் காற்றை ஊதிக்கொண்டிருக்கும் வரை கொஞ்ச காலம் ஓடும். 1994ஆம் வருஷச் சட்டப்படி, நாலு டாக்டர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை சோதித்துப் பார்த்துத்தான் இதை அறிவிக்க முடியும். கண்ணில் வெளிச்சம் அடித்தால் பாப்பா சுருங்குகிறதா, தொண்டையில் குழாய் பட்டால் இருமல் வருகிறதா, வென்டிலேட்டரை எடுத்தால் தானாக மூச்சு எடுக்க முயல்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள்.

2008ல் தமிழ்நாடு அரசு உறுப்பு தானத் திட்டத்தை ஒழுங்குபடுத்தியது. அதே செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி, விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். மாநிலமே உருகியது. 2023 செப்டம்பரில், உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச்சடங்கு என்று முதல்வர் அறிவித்தார். எல்லாம் நல்லது. ஆனால் அந்தப் பெற்றோருக்கு மூளைச்சாவு என்றால் என்ன என்று தெரியும், அவர்கள் டாக்டர்கள். ஐசியு வாசலில் தரையில் உட்கார்ந்திருக்கிற ஒரு கொத்தனாரிடம், பையனின் நெஞ்சு ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவரிடம், அந்த வார்த்தையை முதல்தடவையாக அந்த நிமிஷத்தில் சொன்னால் அவர் என்ன நினைப்பார்? "என் புள்ளைய உயிரோட அறுக்கப் பாக்குறாங்க" என்றுதான் நினைப்பார். அவரைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை கிடையாது. அந்தச் சொல்லின் பொருள் அவருக்கு முன்பே, துக்கம் இல்லாத ஒரு சாதாரண நாளில், தெரிந்திருக்க வேண்டும்.

சரி, என்ன பண்ணலாம்?

"பாமர ஜனங்களுக்கு இதெல்லாம் புரியாதுங்க" என்று சொல்லாதீர்கள். அதே பாமர ஜனம் எல்பிடபிள்யூவுக்கு விளக்கம் சொல்லும். பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தினால் அவுட் இல்லை, ஷாட் ஆடாமல் காலை நீட்டினால் வேறு கணக்கு என்று டீக்கடையில் அம்பயருக்கே பாடம் எடுக்கும். அதை விடவா மாரடைப்பு கஷ்டம்? யாராவது உட்கார்ந்து சொன்னார்கள், புரிந்துகொண்டோம், அவ்வளவுதான்.

தமிழில் முடியாது என்பதும் சும்மா. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷனரி டாக்டர் 1860களிலேயே தமிழில் மருத்துவம் சொல்லிக்கொடுத்து டாக்டர்களை உருவாக்கினார். உடற்கூறு, ரண வைத்தியம், பிரசவம் எல்லாவற்றுக்கும் தமிழில் புத்தகம் போட்டார். அவர் வெறும் வார்த்தைப் பட்டியலோடு நிற்கவில்லை, படித்துவிட்டு வைத்தியம் பார்க்கிற அளவுக்கு விளக்கினார். நூற்றைம்பது வருஷத்துக்கு அப்புறமும் நாம் பேருக்கே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

டாக்டர்களுக்கு நேரமில்லை என்பது எனக்கும் தெரியும். அரசு ஆஸ்பத்திரி ஓபியில் வரிசை வாசல்வரை நிற்கும்போது ஒவ்வொருத்தருக்கும் பாடம் நடத்த முடியாது. நான் கேட்பது ஒரே ஒரு வாக்கியம். "உங்களுக்கு இது, இதுன்னா இது." சீட்டின் பின்பக்கம் தமிழில் எழுதிக்கொடுத்தால் இன்னும் புண்ணியம். பத்திரிகைக்காரர்கள் 'மர்மக் காய்ச்சல்', 'மூளைச்சாவு அடைந்து உயிருக்குப் போராட்டம்' இரண்டையும் மட்டும் விட்டுவிட்டால் அதுவே பெரிய உபகாரம்.

நம் பங்குக்கு, டாக்டர் ஒரு பேரைச் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு வராமல் மூணே கேள்வி கேட்போம். இது எந்த உறுப்புல, என்ன ஆகியிருக்குங்க? இது நோயா, இல்ல வேற எதுக்கோ அறிகுறியா? என்ன ஆனா உடனே ஓடி வரணும்? மூணாவது கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். வயசானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் அவர்களுக்கும் சேர்த்துக் கேளுங்கள். அவர்கள் கூச்சத்தில் கேட்க மாட்டார்கள்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. இதை வைத்துக்கொண்டு யாரும் வீட்டில் வைத்தியம் பார்க்க வேண்டாம். நெஞ்சில் அழுத்தமோ வேர்வையோ வந்தால் இந்தப் பதிவை இன்னொரு தடவை படித்துக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். உங்கள் ஊரில் இப்படித் தப்பாகப் புழங்குகிற நோய்ப்பேர் வேறு இருந்தால் சொல்லுங்கள், சேர்த்து எழுதிவிடலாம்.